பாலக்கரையில் இறங்கி, நூல் பிடித்து

ஈரோடு, கரூர் பக்கமிருந்து வரும் பாசஞ்சர், திருச்சி ஜங்ஷனை எட்டுவதற்குச் சற்று முன் பாலக்கரையில் நின்று கிளம்பும். வெளியூர்க்காரர்கள் அங்கே இறங்குவது அபூர்வம். காந்தி மார்க்கெட்டுக்குப் போகிற சில்லறை வியாபாரிகள், எடத்தெரு, வரகனேரிக்காரர்கள், இவர்களோடு ஒரு தை மாதக் காலையில் நானும் இறங்கினேன். தோளில் தொங்கிய பை நிறைய கட் பீஸ்.

கரூரில் வாக்கப்பட்டவர்களுக்குத் துணித் துண்டுக்குப் பஞ்சமில்லை. படுக்கை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு என்று கப்பலேறுவதெல்லாம் போக, வெட்டும்போது விழுந்தவை எடைக்குக் கிடைக்கும். என் அண்ணி அவற்றை வாங்கி வாங்கித் தைத்தே காலத்தை ஓட்டியவர். தலையணை உறையில் பூ, மேஜை விரிப்பில் மயில், பேரப்பிள்ளைகளின் சட்டைப் பையில் முயல். இப்போது கண் ஒத்துழைக்கவில்லை. மெல்லிய எம்ப்ராய்டரி ஊசியின் காதுக்குள் நூல் போவதற்குள் பொழுது போய்விடுகிறது. “கை சும்மா இருக்க மாட்டேங்குது. ஊசி இல்லாம வேற என்ன செய்யலாம்னு எங்க டீச்சரைக் கேட்டுட்டு வா” என்று அனுப்பியிருந்தார். அண்ணி திருச்சிப் பெண். அவருக்குப் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் பாலக்கரையில்தான் இருக்கிறார். என்னிடம் இருந்த விலாசத்தில் கதவு எண் மட்டும் பழையது. திருச்சியில் அது பெரிய இடைஞ்சல் இல்லை. “தையல் டீச்சர் வீடு” என்று கேட்டாலே வழி சொல்லிவிட்டார்கள்.

போகிற வழியில் சகாயமாதா பசிலிக்கா. பாலக்கரைக்குள் எந்தச் சந்தில் புகுந்தாலும் அதன் கோபுரம் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும். பூசை முடிந்து கோயில் காலியாக இருந்த நேரம். மற்றவர்கள் கண்ணாடி ஓவியத்தையும் வளைவுகளையும் பார்ப்பார்கள். தையல் பித்துப் பிடித்தவர்கள் பீடத்தின் வெள்ளைத் துணியைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஓரத்தில் குரோஷாப் பின்னல். விசிறி விசிறியாக விரிந்து, ஒவ்வொரு விசிறியின் நுனியிலும் ஒரு சின்னப் புள்ளி முடிச்சு. கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மெஷின் லேஸில் எல்லா விசிறியும் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இதில் மூலை திரும்பும் இடத்தில் ஒரு விசிறியை மட்டும் கொஞ்சம் நெருக்கிப் பின்னியிருந்தார்கள். துணி சுருங்காமல் திரும்பவேண்டுமே, அதற்காக. கை வேலை என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

தமிழ்நாட்டில் லேஸுக்கும் மிஷனரிகளுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட், நாகர்கோவிலில் தன் பெண்கள் பள்ளியில் 1820களிலேயே லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டு மாதிரி ஒரு தலையணை, அதில் குத்திய குண்டூசிகள், அவற்றைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மரக்கட்டை நூல்கண்டுகள். அந்த லேஸ் சீமைவரை போய் விலைக்கு விற்றது. அடிமைத்தளையில் இருந்த பெண்கள் சிலர் அந்தக் காசில் தங்களையே மீட்டுக்கொண்டார்கள் என்பது வரலாறு. பின்னலால் என்ன பிரயோசனம் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். ஆனால் இதையே சொல்லிச் சொல்லித்தான் வேறொரு வம்பில் மாட்டிக்கொண்டோம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

டீச்சர் வீட்டுத் திண்ணையில் அவருக்கு முன்னால் என்னை வரவேற்றது ஒரு ஒயர் கூடை. பாதி பின்னிய நிலையில், ஒயர் முனைகள் நாலா பக்கமும் விறைத்து நிற்க, முள்ளம்பன்றி போல உட்கார்ந்திருந்தது.

“வாம்மா. அவ நாத்தனாரா நீ? காபி குடிக்கிறியா?” என்றவர், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் வந்தார். காபியோடு அவருடைய ஆல்பமும் வந்தது. அந்தக் காலத்துத் தையல் டீச்சர் எல்லாரிடமும் இப்படி ஒன்று இருக்கும். அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. அவற்றுக்காகக் கெட்டி அட்டையில் ஒட்டிய வெள்ளைத் துணிச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு தையல். காம்புத் தையல், சங்கிலித் தையல், இறகுத் தையல், காஜா, பிரெஞ்சு முடிச்சு, கிராஸ் ஸ்டிட்ச். வெள்ளை பழுப்பாகிவிட்டது, நூலின் நிறம் மட்டும் அப்படியே. டீச்சர் ஒரு சதுரத்தின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். முன்பக்கம் போலவே சுத்தம். “எக்ஸாமினர் முதல்ல திருப்பித்தான் பார்ப்பாங்க. முடிச்சு தொங்குச்சுன்னா மார்க் போச்சு.”

நீலகிரித் தோடர்களின் புகூர் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது. வெள்ளைக் காடாத் துணியில் சிவப்பும் கறுப்பும். சட்டம் மாட்டுவதில்லை, கோடு வரைவதில்லை. துணியின் இழையை எண்ணி எண்ணியே தோடப் பெண்கள் வடிவத்தைக் கொண்டுவருகிறார்கள். பூத்துக்குளிப் போர்வையை எந்தப் பக்கமும் போர்த்திக்கொள்ளலாம். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. டீச்சர் ஒருமுறை ஊட்டியில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறாராம். “அந்தம்மா என்கிட்ட பேசிக்கிட்டே தைக்குது. எண்ணிக்கை தப்பவே இல்ல. நமக்கெல்லாம் பேசினா ஒரு இழை விட்டுப்போகும்.”

அண்ணியின் கேள்வியைச் சொன்னேன். டீச்சர் சிரித்தார். “கண்ணு போனா ஊசிதானே போகும்? எண்ணத் தெரியும், இழுத்துப் பிடிக்கத் தெரியும். அது ரெண்டும் விரல்ல இருக்கு.” சொல்லிவிட்டு, அந்த முள்ளம்பன்றியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒயர் கூடை பின்னுவதை அருகிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது முரட்டு நூலில் செய்த எம்ப்ராய்டரிதான். ஒரு ஒயரை மடித்து வளையம் போட வேண்டும். அடுத்த ஒயரை அதற்குள் விட்டு, இரண்டு பக்கமும் ஒரே சீராக இழுத்தால் ஒரு சதுர முடிச்சு உட்காரும். அதன் பக்கத்தில் இன்னொன்று. அடி முடிந்து சுவர் எழும்பும்போதுதான் சோதனை. ஒரு முடிச்சில் இழுப்பு தளர்ந்தால் அந்த வரிசையே கோணும். இரண்டு வரிசை கழித்துத்தான் அது கண்ணில் படும். சாதா முடிச்சில் கை படிந்தபின் பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் என்று போகலாம். நெல்லிக்காய் முடிச்சு உப்பி நிற்கும், கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே வரிசையை எண்ணிவிடலாம். டீச்சர் அதை அண்ணிக்காகவே காட்டியது போல இருந்தது. நகக்கண் வலிக்கும் என்பதுதான் ஒரே குறை. சுண்டுவிரலில் துணி சுற்றிக்கொண்டால் தாங்கும்.

எழுபது, எண்பதுகளில் இந்தக் கூடை இல்லாத வீடு கிடையாது. ஆபீஸ் டிபன், கோயில் தேங்காய், ஆஸ்பத்திரி பிளாஸ்க் எல்லாம் அதில்தான். பிறகு கடைக்காரர் கொடுக்கும் பாலித்தீன் பை வந்து அதைப் பரணில் ஏற்றியது. 2019 ஜனவரி 1இல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. தடை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பது மார்க்கெட்டுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒயர் கூடைக்கு மறுபடி மவுசு வந்துவிட்டது. பிளாஸ்டிக்குக்குத் தடை வந்து பிளாஸ்டிக் ஒயருக்கு யோகம் அடித்ததை டீச்சர் நினைத்து நினைத்துச் சிரிக்கிறார்.

“விற்கிறீங்களா டீச்சர்?”

“கேக்குறாங்க. குடுக்கிறதில்ல. காசு வாங்கிட்டா அவங்க சொன்ன கலர்ல, சொன்ன தேதிக்குப் பின்னணும். எனக்கு என்ன தலையெழுத்தா?”

பாலக்கரையிலிருந்து காந்தி மார்க்கெட், அங்கிருந்து கடைவீதி. வெயில் ஏறுவதற்குள் நடந்தே போய்விடலாம். பெரிய கடைவீதியில் தங்கமும் பட்டும். நமக்கு வேண்டியது அதை ஒட்டிய சந்துகளில் இருக்கும் பேன்ஸி ஸ்டோர்களும் தையல் சாமான் கடைகளும். உள்ளே ஆள் திரும்ப இடமிருக்காது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன டப்பா. மதுரை ஹார்வி மில்லின் வழிவந்த மதுரா கோட்ஸின் ஆங்கர் நூல், கட்டுக்கு 8 மீட்டர், ஆறு இழை சேர்ந்தது. தேவைக்கேற்ப இரண்டாகவோ மூன்றாகவோ பிரித்துக்கொள்ள வேண்டும். பழகியவர்கள் நிறம் சொல்லிக் கேட்பதில்லை, நம்பர்தான். “46 இருக்கா?” என்றால் பளிச்சென்ற சிவப்பு. 403 என்றால் கறுப்பு. எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் போன் திரையைப் பார்த்துப் பதினைந்து நம்பர் ஒப்பித்தாள். கடைக்காரர் ஒரு டப்பாவையும் தேடாமல் கையை நீட்டி நீட்டி எடுத்துப் போட்டார். வங்கிக்காரர்கள் பணம் எண்ணுவதை வேடிக்கை பார்ப்பதைவிட இது சுவாரசியம்.

ஆனால் அந்தக் கடைகளில் கூட்டம் ஆங்கர் நூலுக்கு இல்லை. ஆரிக்குத்தான். சர்க்கரை மணி, சம்கி, குந்தன் கல், ஜர்தோசிச் சுருள், ஜரி நூல். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை முதுகில் ஒரு கோயில் கோபுரமே எழும்புகிற காலம் இது. கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. பத்துப் பதினைந்து பெண்கள், கட்டில் சட்டம் மாதிரியான ஃபிரேமின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் படத்தை டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் நெருக்கமாகத் துளை போடுகிறார்கள். தாளைத் துணிமேல் விரித்து, வெள்ளைப் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணிப்பந்தால் தேய்த்தால், கோலம் புள்ளிப் புள்ளியாக இறங்கிவிடும். பிறகு கொக்கி முனை வைத்த ஆரி ஊசி. வலது கை அதை மேலிருந்து குத்துகிறது. துணிக்கு அடியில் ஒளிந்திருக்கும் இடது கை நூலைக் கொக்கியில் மாட்டிவிடுகிறது. ஊசி மேலே வரும்போது ஒரு சங்கிலிக் கண்ணி. கட்ச் பக்கத்துச் செருப்புத் தொழிலாளிகளின் தோல் ஊசியிலிருந்து பிறந்த வேலை என்பார்கள். இடது கை குருட்டுக் கை. என்ன செய்கிறது என்று அந்தப் பெண்ணே பார்ப்பதில்லை. அண்ணியின் நினைவு வந்தாலும், மேலே இருக்கும் சர்க்கரை மணியைக் கோர்க்க இளவயதுக் கண் வேண்டும்.

வகுப்பின் வாசலில், ‘வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்’ என்ற போர்டு. நான் மேலே சொன்ன வம்பு இதுதான். நம் ஊரில் பெண் கையில் ஊசி எடுத்தால் உடனே ஒரு வரவு செலவுக் கணக்கு கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அரசுகூட, சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. நல்ல திட்டம், எத்தனையோ குடும்பத்தில் அடுப்பு எரிவது அதனால்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஆண்கள் கேரம் ஆடுகிறார்கள், கிரிக்கெட் பார்க்கிறார்கள், டீக்கடையில் அரசியல் பேசுகிறார்கள். மாசம் எவ்வளவு வரும் என்று யாரும் கேட்பதில்லை. பெண் மட்டும் தன் ஓய்வு நேரத்துக்கும் ரசீது காட்ட வேண்டியிருக்கிறது. மாடியில் ஒரு பெண்ணிடம் பேச்சுக்கொடுத்தேன். “ஆர்டர் எடுக்கப் போறியா பாப்பா?” என்றதற்கு, குரலைத் தாழ்த்தி, “வீட்டுல அப்படிச் சொல்லிட்டுத்தான்க்கா வர்றேன்” என்றாள். பக்கத்திலிருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் ஊசியை விட்டுவிட்டாள்.

உறையூரை எட்டிப் பார்க்கத்தான் நேரமிருந்தது. பழைய சோழர் தலைநகர். கிரேக்க மாலுமியின் பெரிப்ளூஸ் நூல் குறிப்பிடும் அர்கரு என்ற ஊர் இதுதான் என்றும், அங்கிருந்து போன மெல்லிய துணிக்கு அந்த ஊர்ப் பெயரே வழங்கியது என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். கைத்தறிச் சங்கத்தில் பருத்திச் சேலைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். அங்கே நடைபாதையில் நரிக்குறவப் பெண்கள் பாசிமணி விரித்திருந்தார்கள். துவாக்குடிப் பக்கம் தேவராயநேரியில் அவர்களின் குடியிருப்பு இருக்கிறது. பேரம் பேசுகிற வாய் ஒரு பக்கம். விரல்கள் தம்பாட்டுக்கு மூன்று கறுப்பு, ஒரு சிவப்பு, மூன்று கறுப்பு என்று கோர்த்துக்கொண்டே இருந்தன. பாசி கோர்ப்பதும் அண்ணிக்கு ஆகும், மணி பெரிதாக இருந்தால்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசில்லை, 2021இலிருந்து அப்படி. பக்கத்துச் சீட்டில் இரண்டு மாமிகள், மடியில் காலிப் பூக்குடலை. காவிரிப் பாலம் தாண்டும்போது மட்டும் பேச்சை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

தைத்தேர் நெருங்கியிருந்தது. தேரில் மூங்கில் கட்டி முடித்து, சீலைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாம் ஏதோ கலர் துணி என்று தாண்டிப்போகிற அந்தத் தேர்ச்சீலையும், நான்கு பக்கமும் நீண்ட உருளைகளாகத் தொங்கும் தொம்பையும்தான் தமிழ்நாட்டுத் தையல் வேலையின் உச்சம் என்பது என் கட்சி. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துத் தையற்காரர்கள் தலைமுறைகளாகச் செய்வது. சிவப்புத் துணிமேல் யாளி, தாமரை, மயில், சங்கு, சக்கரம் என்று வெள்ளை, மஞ்சள், பச்சை, கறுப்புத் துண்டுகளை வெட்டி வைத்து, விளிம்பை உள்ளே மடித்துத் தைத்து ஒட்டுகிறார்கள். வங்காளத்துக் காந்தாவைப் பற்றி, பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு எடுக்கும் அந்த விரிப்பைப் பற்றி, எத்தனையோ புத்தகம் வந்துவிட்டது. அதைக் காட்டி வைக்க மியூசியங்கள் இருக்கின்றன. நம் தொம்பை மட்டும் வெயிலிலும் மழையிலும் நனைந்து வெளுத்து, கிழிந்தால் கழற்றிப் போடப்படுகிறது.

தரையில் மடித்துக் கிடந்த ஒன்றைத் தொட்டுப் பார்க்க விட்டார்கள். மேலே பறக்கும்போது குட்டியாகத் தெரிந்த தாமரை இதழ் என் உள்ளங்கையை விடப் பெரிது. கறுப்புத் துணியில் நறுக்கிய விளிம்பு விரல் தடிமன். மெஷின் தையல்தான். இதழின் நுனியில் மட்டும், துணி பிசிறாமல் இருக்க, கையால் நாலு தையல் கூடுதலாகப் போட்டிருந்தது. கெட்டி நூல், பெரிய ஊசி, கண்ணாடியே வேண்டாம். அங்கேயே நின்று அண்ணிக்குப் போன் போட்டேன். உங்களுக்கு வேண்டிய வேலை இதுதான், ஊசியை விடவே வேண்டாம், அளவை மட்டும் பெரிதாக்குங்கள் என்றேன். கட் பீஸில் வாசல் தோரணம் தைக்கலாம், கொலுப்படிக்குச் சின்னத் தொம்பை தைக்கலாம். “யாளிக்கு மூஞ்சி வரைய வராதுடி” என்றார். யாளியின் மூஞ்சி இப்படித்தான் இருக்கும் என்று யார் கண்டது?

சாத்தார வீதியில் பூ வியாபாரம் உச்சத்தில் இருந்தது. தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்து அரங்கனுக்கு மாலை கட்டிய ஊர் இது. திருமாலை பாடியவரே பூக்குடலையும் கையுமாக இருந்தவர். இன்றும் சித்திரை வீதி, உத்திர வீதி வீடுகளில், யாரும் கேட்காமலே தினம் ஒரு சரம் கட்டிக் கோயிலுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கைங்கரியம் என்று விட்டால் அங்கே வரவு செலவுப் பேச்சு எழுவதில்லை. எனக்கு அவர்களைப் பார்த்தால் பக்தியோடு கொஞ்சம் பொறாமையும் வருகிறது. தன் பொழுதைத் தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க இதைவிட நல்ல மறைப்பு வேறு ஏது?

பஸ்ஸில் வந்த மாமிகளில் ஒருவர் தன் வீட்டு ரேழியிலேயே உட்காரவைத்துக் காட்டினார். வாழை நார் கிழித்து நனைத்து வைத்திருந்தது. திருச்சி ஜில்லா வாழைக்குப் பேர்போனது. தேசிய வாழை ஆராய்ச்சி மையம்கூட 1993இலிருந்து இங்கேதான் இருக்கிறது. வாழை மட்டையிலிருந்து நார் எடுத்துப் பை, பாய், கூடை எல்லாம் செய்யலாம் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். மாமிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே இந்தப் பக்கம் இரண்டு செவ்வந்தி, அந்தப் பக்கம் இரண்டு, நடுவில் ஒரு கொத்து மருக்கொழுந்து. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே கண்ணி விட்டு, இழுப்பு. அந்த இழுப்பில்தான் எல்லாம். கூடினால் காம்பு நறுக்கென்று அறும். குறைந்தால் கோயிலுக்குப் போவதற்குள் உதிரும். பாலக்கரை டீச்சரின் கூடை முடிச்சுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். கூடையை அவிழ்த்துத் திரும்பப் போடலாம். பூவில் அது நடக்காது.

மாமி கட்டியது கதம்பமாக நீண்டுகொண்டே போனது. கண் அதில் இல்லை. தெருவில் போகிறவர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். நான் கட்டிய இரண்டு கண்ணியும் பல்லிளித்தன. செவ்வந்தியில் பழகுவது கஷ்டமா, மல்லியில் பழகலாமா என்று கேட்டேன்.

“மல்லியா? தை மாசத்திலேயா? விலை கேட்டேளா?” என்றார். “பனி விடட்டும். சித்திரை, வைகாசியிலே வாங்கோ, மல்லி கொட்டிக் கிடக்கும். அப்போ நாலு முழம் வீணாப்போனாலும் ஆத்துலே யாரும் ஒண்ணும் சொல்லமாட்டா.”